மிஸ் கேரளா மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலர் மீன் வளர்க்கிற நாலு பேர் சேர்ந்தால் மிஸ் கேரளாவைப் பற்றிப் பேச்சு வராமல் போகாது. வளர்த்தவர் அது செத்த கதையைச் சொல்வார், வளர்க்காதவர் விலை கேட்பார். என்னிடம் வந்த கேள்விகளோடு, ஒரு காலத்தில் விவரம் தெரியாமல் நானே கடைக்காரரிடம் கேட்ட கேள்விகளையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். தொட்டி பற்றிய கேள்விகள் பின்னால்தான் வரும், முதலில் இந்த மீன் வாழும் ஆற்றைப் பற்றி. ஆற்றைப் பற்றிய பகுதியைத் தள்ளிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனால் நான் பண்ணின தப்பைத்தான் நீங்களும் பண்ணுவீர்கள்.

எந்த மீனைச் சொல்கிறீர்கள்? பார்த்தால் எப்படித் தெரியும்?

விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், நன்றாக வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் வரை போகும். உடம்பு வெள்ளி நிறம், இரண்டு முனையும் கூம்பிய நூல்கதிர் மாதிரி. மூக்கு நுனியில் தொடங்கி, கண்ணைத் தாண்டி, உடம்பின் பாதி வரை ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே ஒட்டினாற்போல் வால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. முதுகுத் துடுப்பின் முன் ஓரத்தில் சிவப்பு, வாலின் இரண்டு மடலிலும் கறுப்புப் பட்டையும் மஞ்சள் நுனியும். வயதான மீன்களுக்குத் தலையில் லேசாகப் பச்சை ஏறும்.

மலையாளத்தில் இதைச் செங்கணியான் என்றும் சோரக்கணியான் என்றும் சொல்கிறார்கள். கண்ணிலிருந்து ரத்தம் வழிந்த மாதிரி அந்தக் கோடு இருப்பதால் வந்த பெயர். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை, செங்கண் நம்மிடமும் இருக்கிறது. 'மிஸ் கேரளா' என்பது வியாபாரத்தில் வந்த பெயர். எனக்குச் செங்கணியான்தான் பிடித்திருக்கிறது, ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள்.

ரோஸ்லைன் ஷார்க் என்று ஒரு மீனை விற்கிறார்களே, அது வேறா?

இதேதான். சுறாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கெண்டைக் குடும்பத்து மீன். ஷார்க் என்று சொன்னால் பையன்கள் அப்பாவை நச்சரித்து வாங்கிவிடுவார்கள், அவ்வளவுதான்.

டெனிசன் பார்ப் என்றும் சொல்கிறார்கள். டெனிசன் யார்?

சர் வில்லியம் டெனிசன், 1861 முதல் 1866 வரை மதராஸ் மாகாண கவர்னராக இருந்தவர். அதற்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸுக்குக் கவர்னர். மீனுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே என்பவருக்கு மீன் பைத்தியம், பின்னால் இந்தியாவின் மீன்வளத் துறைக்கே தலைமை அதிகாரி ஆனார். அவர்தான் திருவிதாங்கூர் மலையடிவாரத்தில் முண்டக்கயத்தில் கிடைத்த இந்த மீனை 1865-இல் முதன்முதலாக விவரித்து, அப்போதைய கவர்னர் பெயரை வைத்தார். மேலதிகாரியைக் குளிர வைக்கிற பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

அறிவியல் பெயர் அதன் பிறகு பல முறை மாறியது. நீண்ட காலம் பன்டியஸ் டெனிசோனியை என்றே எல்லோரும் எழுதினார்கள். 2013-இல் இதற்கும் இதன் கூடப்பிறந்த மீன் ஒன்றுக்குமாகச் சஹ்யாத்ரியா என்று தனிப் பேரினம் ஒன்றை உண்டாக்கி அதில் சேர்த்துவிட்டார்கள், அந்த இன்னொரு மீனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சஹ்யாத்ரி என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. மீனுக்குச் சரியான முகவரி கிடைத்தது போல.

எந்த ஆறுகளில் இருக்கிறது? தமிழ்நாட்டில் உண்டா?

கேரளத்திலும், அதை ஒட்டிய தென் கர்நாடகத்திலும் மேற்கே பாய்கிற ஆறுகளில்தான். வளபட்டணம், சாலியார், சந்திரகிரி, பம்பா, அச்சன்கோவில் என்று ஒரு வரிசை. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இது கிடையாது.

தமிழ்நாட்டு ஆற்று மீன் என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் அந்தத் தண்ணீரில் நமக்குப் பங்கு இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் பிறக்கிற பாண்டியாறு, புன்னப்புழாவாகிச் சாலியாரில் போய்ச் சேர்கிறது. மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அடிக்கிற மருந்து மழையில் கரைந்து எந்தப் பக்கம் இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்த மீனுக்கு ஒரே ஒரு கூடப்பிறந்த மீன் உண்டு, சஹ்யாத்ரியா சாலக்குடியென்சிஸ். 1999-இல்தான் அதைத் தனி இனம் என்று பிரித்தார்கள். முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். அதன் ஊர் சாலக்குடி ஆறு. அந்த ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் பராமரிப்பு தமிழ்நாட்டுடையது, அங்கிருந்துதான் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னைக்குத் தண்ணீர் வருகிறது. கீழே அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று வரும் வராது என்று பல வருடமாக இழுத்தது தனிக் கதை. பொள்ளாச்சி இளநீர் குடிக்கும்போதெல்லாம் இந்த மீன் ஞாபகம் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு வருகிறது.

ஆற்றில் இது வாழும் இடம் எப்படி இருக்கும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடுபவை. மலை உச்சிக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு, அதனால் ஆறுகள் குட்டையானவை, சரிவு அதிகம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பாறையில் மோதி மோதி வருவதால் காற்று நிறையக் கலந்திருக்கும். மேலே மரங்கள் கவிந்து நிழல். தண்ணீர் ஜில்லென்று இருக்கும், கோடையில்கூடக் கையை விட்டால் சிலிர்க்கும். செங்கணியானுக்கு 15-இலிருந்து 25 டிகிரி செல்சியஸ் வரை சுகம்.

அடியில் உருண்டைக் கற்கள், பெரும்பாறைகள், நடுநடுவே ஆழமான மடுக்கள். மலையாளத்தில் மடுவைக் கயம் என்பார்கள், அது நம்முடைய பழைய சொல்லும்தான். கரை ஓரமாகச் செடிகள் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த மீன் தனியாக இருக்காது, கூட்டமாக அந்த மடுக்களில் ஓட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டே இருக்கும். பாசி, பூச்சி, புழு, செடித் துணுக்கு என்று ஓட்டத்தில் வருவதையும் கல்லில் ஒட்டியிருப்பதையும் தின்னும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ஆறு வேறு ஆள் ஆகிவிடும். செம்மண் நிறத்தில், கரை தெரியாமல் ஓடும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்து, அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த மீனுக்கு முட்டையிடும் காலம். அப்புறம் கோடை. ஆறு சுருங்கி மடுக்களில் மட்டும் தண்ணீர் தேங்கும், பரவிக் கிடந்த மீன்களெல்லாம் அங்கே வந்து சேரும். வலை போடுகிறவனுக்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்குமா? ஒரு மடுவைச் சுற்றி வளைத்தால் கூட்டமே மொத்தமாகக் கையில்.

எண்ணிக்கை குறைந்ததற்கு அதுதான் காரணமா?

அது முக்கியமான காரணம், ஒரே காரணம் இல்லை. மணல் அள்ளுவது, அணை, தோட்ட மருந்து, வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது எல்லாமும் சேர்ந்துதான்.

ஆனால் இந்த மீனின் தலையெழுத்தை மாற்றியது 1997. அந்த வருடம் சிங்கப்பூரில் நடந்த அக்வாரமா என்ற அலங்கார மீன் கண்காட்சியில் புதிய மீன்கள் பிரிவில் இதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அதுவரை மலையடிவாரத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு கெண்டை, ஒரே நாளில் ஏற்றுமதிச் சரக்கு ஆனது. 2005-க்கும் 2012-க்கும் இடையில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போயிருக்கின்றன. வழியில் செத்தவை இதில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இன்று இது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சர்வதேச செம்பட்டியலில் இருக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2008-இல் கேரளத்தில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் மேலே சொன்னேனே, முட்டையிடும் காலம் அக்டோபரிலிருந்து மார்ச். ஆக, தடை இருந்த மூன்று மாதத்தில் இரண்டு, மீனுக்கு அவசியமே இல்லாத மாதங்கள், மீனுக்குத் தடை தேவைப்பட்ட மாதங்களில் ஐந்து திறந்தே கிடந்தன. மீனைப் பற்றிய ஆராய்ச்சி முடிவதற்குள் வியாபாரம் எங்கேயோ போய்விட்டது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, இப்போது வாங்கி வளர்க்கலாமா?

இந்தியாவில் இருந்தால், வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் இந்த மீனை முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறது, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் அட்டவணை என்றால் புலி, யானை இருக்கிற அட்டவணை. ஆற்றில் பிடிப்பதும் விற்பதும் விளையாட்டுக் காரியம் இல்லை.

இதில் பண்ணையில் குஞ்சு பொரித்து விற்றவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது. கொச்சிக்குப் பக்கத்தில் பனங்காட்டில் உள்ள மீன்வளக் கல்லூரியிலேயே இதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கண்டுபிடித்து, ஆற்று மீனைத் தொடாமல் வியாபாரம் நடத்த வழி காட்டினார்கள். அதை நம்பி முதல் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதே சமயம் ஒரு பையில் நீந்துகிற மீன் பண்ணையில் பிறந்ததா, மடுவிலிருந்து அள்ளியதா என்று எந்த அதிகாரியாலும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. சட்டத்தில் மாற்றம் வரலாம், அதனால் எந்தக் கடைக்காரர் "இதெல்லாம் பண்ணை மீன் சார், பிரச்சினை இல்லை" என்று சொன்னாலும் அவர் பேச்சை நம்பாமல் உங்கள் ஊர் வனத்துறை அலுவலகத்தில் அன்றைய நிலை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வெளியில் இருக்கிறவர்கள் கேட்டால் என் பதில் வேறு. அங்கே விற்பதில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் பிறந்தது. பண்ணை மீன்தானா என்று மட்டும் கடையில் கேளுங்கள். உடம்பு முழுக்கப் பொன்னிறமாக ஒரு வகை வருகிறது, அது கண்டிப்பாகப் பண்ணைச் சரக்கு, ஆற்றில் அப்படிக் கூட்டம் கூட்டமாக இருக்காது. கீழே வரும் தொட்டிக் கேள்விகள் அவர்களுக்கும், ஏற்கெனவே மீனை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்களுக்கும்.

நன்றாகத்தான் இருந்தது, ஒரே ராத்திரியில் எல்லாம் செத்துவிட்டது. ஏன்?

எனக்கும் நடந்தது. சட்டம் மாறுவதற்குப் பல வருடம் முன்னால், சென்னையில், ஆறு மீன் வாங்கினேன். இரண்டு அடித் தொட்டி. கடைக்காரர் "கோல்டு ஃபிஷ் மாதிரிதான், ஒண்ணும் ஆகாது" என்றார். நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கரன்ட் போனது, காலை ஐந்துக்கு வந்தது. ஆறும் மிதந்தன. அதே தொட்டியில் இருந்த கப்பிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி சாப்பாட்டுக்கு ஓடி வந்தன.

கணக்கு ரொம்ப எளிது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு ஏறினால் என்ன ஆகும்? அந்த நிலையில் ஃபில்டர் தள்ளிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றுபோனால் மலை ஆற்று மீனுக்குத் தாக்குப்பிடிக்க வழியில்லை. போதாததற்கு, கழிவில் வரும் அம்மோனியா சூட்டிலும் காரத்தன்மையிலும் இன்னும் விஷமாகும், நம் போர் தண்ணீர் பெரும்பாலும் காரம்தான்.

அதனால் முதல் தேவை குளிர்ச்சி. ஏசி அறையில் தொட்டி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். தண்ணீர் ஆவியாகும் வேகத்தில் தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும், பரவாயில்லை. காசு இருந்தால் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின். இரண்டாவது தேவை, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று. பெரிய விலை இல்லை. என் ஆறு மீனின் விலையில் நாலு பம்ப் வாங்கியிருக்கலாம். ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடுகிற வேலை வேண்டாம், திடீரென்று இறங்கும் சூடு அதைவிடக் கெடுதல்.

எவ்வளவு பெரிய தொட்டி? எத்தனை மீன்?

நாலு அடிக்குக் குறைந்தால் வேண்டாம். உயரத்தைவிட நீளம் முக்கியம், நேர்கோட்டில் பாய்கிற மீன் இது. ஆறுக்குக் குறையாமல் வைக்க வேண்டும், எட்டு பத்து என்றால் இன்னும் நல்லது. ஒன்றிரண்டாக வைத்தால் மூலையில் ஒடுங்கும், இல்லையென்றால் மற்ற மீன்களைத் துரத்தும். ஒரு முனையிலிருந்து தண்ணீரை வேகமாகத் தள்ளும் பம்ப் இருந்தால் கூட்டமாக அதற்கு எதிரே நின்று நீந்துவதைப் பார்க்கலாம். மூடி அவசியம். குதிக்கும்.

சிவப்புக் கோடு வெளுத்துப்போகிறதே?

பயம், சூடு, தனிமை எல்லாம் நிறத்தை அடிக்கும். இவை சரியாக இருந்தும் வெளுத்தால் சாப்பாட்டைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் நிறத்துக்கான கரோட்டினாய்டுகளை மீனின் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, தின்பதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் பாசியும் பூச்சியும் கொடுப்பதைத் தொட்டியில் ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி, உறைந்த ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால், இறால் துணுக்கு கொடுக்கும். ஒரே டப்பாத் தீனியை மூன்று வருடம் போட்டுவிட்டு நிறம் போச்சே என்றால் எப்படி?

வீட்டில் குஞ்சு பொரிக்குமா?

நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். பெண் மீன் சற்றுப் பெரிதாக, வயிறு பருத்து, நிறம் ஒரு மாற்றுக் குறைவாக இருக்கும். இதை வைத்து ஜோடி சேர்க்கலாம் என்று கிளம்பினால் ஜோடி சேரும், குஞ்சு வராது.

வளர்க்க முடியவில்லை. பக்கத்து ஆற்றில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா? இனமும் பெருகுமே?

கேட்கும்போது புண்ணியம் மாதிரித் தோன்றும், தயவு செய்து வேண்டாம். தமிழ்நாட்டுச் சமவெளி ஏரியில் விட்டால் சூட்டிலேயே போய்விடும். கேரளத்து ஆற்றிலேயே கொண்டுபோய் விட்டாலும் சிக்கல்தான். இந்த ஆறுகளுக்கு நடுவில் மலை முகடுகள் இருப்பதால் ஓர் ஆற்று மீன் இன்னோர் ஆற்றுக்குப் போக வழியில்லை. எத்தனையோ தலைமுறையாகத் தனித்தனியே வாழ்ந்ததில், வெளியே ஒரே மாதிரி தெரிகிற இந்த மீனுக்குள் மரபணு அளவில் வெவ்வேறு கிளைகள் இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிங்கப்பூர்ப் பண்ணை மீனை வளபட்டணத்தில் விட்டால் அந்த ஆற்று மீனின் தனித்தன்மை கலங்கும், போதாததற்குத் தொட்டி நோய்களும் கூடவே போகும். வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள், அல்லது வனத்துறையிடம் சொல்லுங்கள்.

ஆற்றில் நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கண்ணூர் மாவட்டத்தில் ஆறளம் வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிச் சீங்கண்ணிப்புழா ஓடுகிறது, வளபட்டணம் ஆற்றின் கிளை. சீங்கண்ணி என்றால் முதலை, பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். சரணாலயத்துக்குள் போக அனுமதி வாங்க வேண்டும். மழை முடிந்து தண்ணீர் தெளிந்த பிறகு, டிசம்பர் ஜனவரியில் போங்கள். வெயில் நேராக விழும் நேரத்தில் மடுவுக்கு மேலே உள்ள பாறையில் அசையாமல் பத்து நிமிடம் உட்கார வேண்டும், எழுந்து நிழல் விழுந்தால் கூட்டம் கலைந்துவிடும். நான் போனபோது முதலில் கல்லும் தண்ணீரும்தான் தெரிந்தன. கண் பழகினதும் மங்கலாக வால் நுனிகளின் மஞ்சள் தெரிந்தது, அப்புறம்தான் அந்தச் சிவப்புக் கோடுகள், முப்பது நாற்பது இருக்கும், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. கடலை, பொரி, பிஸ்கட் எதையும் எடுத்துப் போகாதீர்கள், போட்டால் மீன் வரும் என்று வண்டிக்காரர் சொன்னாலும்.